பதினேழாம் பெட்டி

முப்பத்தொரு பெட்டிகளும் கிடங்கின் சிமெண்டுத் தரையில் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஐம்பத்தெட்டு நாள் கடலில் கிடந்து வந்தவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்றில்கூட மூலை மடங்கவில்லை, ஈரம் படவில்லை, ஒட்டிய டேப் எங்கும் வாய் பிளக்கவில்லை. ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் கறுப்பு மையில் ஓர் எண் மட்டும் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வெளியே ஒரு சொல் கிடையாது. அவள் அவற்றின் முன்னால் நின்றிருந்தாள்.

"உள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதி வைக்கறது, திருடனுக்குக் கடுதாசி போடற மாதிரி" என்பார் அவள் கணவர். பெட்டியின் மேல் எண், பட்டியலில் விவரம், அந்தப் பட்டியலோ பெட்டி கட்டியவரின் சட்டைப்பையில். சாமான் வீடு சேர்ந்து, கடைசிப் பெட்டியும் பிரியும்வரை அந்தத் தாள் சட்டை மாறிச் சட்டை மாறி அவர் நெஞ்சோடுதான் இருக்கும். இருபத்தாறு ஆண்டுகள் அயல்நாட்டில் வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுகளைக் கட்டிக் கொடுத்தே காலம் தள்ளியவர். அந்த ஒழுங்கில் அவர் ஒருநாளும் பிசகியதில்லை.

ஊர் திரும்புவதென்று முடிவானதும், சாமான்களை முன்னால் கப்பலேற்றிவிட்டு, ஆளுக்கொரு தோள்பையும் பாயுமாக வெறும் வீட்டில் ஐந்து வாரம் காத்திருப்பது என்று ஏற்பாடு. நான்காவது வாரம் பால் பாக்கெட்டோடு மாடியேறி வந்தவர், மூச்சு வாங்கிக்கொள்ளப் படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் சட்டையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். அவள் கையில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கடிகாரமும் சாவியும் செருப்பும் இருந்தன. சட்டையைக் கேட்டதற்கு, கிழிந்த துணியை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

அவரும் ஒரு பெட்டியில்தான் ஊர் வந்து சேர்ந்தார். விமானம் என்பதால் தம் சாமான்களை முந்திக்கொண்டார். அந்தப் பெட்டியைக் கட்டியவர்கள் பட்டையைச் சரியாக இறுக்கியிருக்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அவள் கண்ணில் பட்டது அதுதான். அவர் பார்த்திருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்லியிருப்பார்.

அது முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. இன்று காலை கப்பல் சரக்கை எடுத்துக்கொள்ளக் கொழுந்தனோடு இந்தக் கிடங்குக்கு வந்திருந்தாள்.

கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த கஸ்டம்ஸ் அதிகாரி தாள்களைப் புரட்டினார். "எண்ணிக்கை இருக்கு, எடை இருக்கு. எதுல என்ன இருக்குன்னு லிஸ்ட் எங்கம்மா?"

"லிஸ்ட் அண்ணன்கிட்ட இருந்தது சார்" என்றான் கொழுந்தன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எங்கே போனாலும் பேச்சை முதலில் எடுப்பது அவன்தான்.

"அப்போ அவரையே வரச் சொல்லுங்க. உரிமையாளர்னு அவர் பேர்தான் போட்டிருக்கு. நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

அவள் கைப்பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாமக் கேட்டுட்டேம்மா" என்றார். பிறகு, அந்த வருத்தம் மாறாமலே, சட்டத்தையும் சொன்னார். உரியவர் எழுதிய பட்டியல் இருந்தால் இரண்டு மூன்று பெட்டியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பட்டியல் இல்லையென்றால் அத்தனையையும் இங்கேயே பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

"பிரிக்கட்டும் அண்ணி" என்று கொழுந்தன் காதோரம் சொன்னான். "நாம மறுபடி ஒட்டிக்கலாம். ரெண்டு ரோல் டேப் வாங்கினா தீர்ந்துது. நானே ஒட்டறேன்."

"உன் வேன் சீட்டை நீ ஒட்டி வச்சிருக்கற லட்சணத்தைத்தான் வர்ற வழியெல்லாம் உக்காந்து பார்த்துட்டு வந்தேனே."

ஆனால் அவளுடைய கவலை ஒட்டுவதைப் பற்றியதல்ல என்பது அவனுக்குத் தெரியாது. முப்பது பெட்டிகளை யார் பிரித்தாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள். பதினேழாவதை மட்டும் விட முடியாது.

பத்தொன்பது சாயங்காலம் அந்தக் கட்டும் வேலை நடந்தது. அவர் தரையில் மண்டியிட்டுக் கட்டுவார், அவள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். ஒரே ஒருநாள் அவள் உடன் இல்லை. அவள் படுக்கை விரிப்புகள் தைத்துக்கொண்டிருந்த ஓட்டலில் அன்று அவளுக்குக் கடைசி நாள். உடன் வேலை செய்தவர்கள் விடவில்லை, திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. வந்து பார்த்தால் பதினேழாம் பெட்டி ஒட்டி முடித்துச் சுவரோரம் நின்றிருந்தது. அதில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஊர்ல போய் நீயே பிரிச்சுப் பாரு" என்றார். பட்டியலைக் காட்டச் சொன்னதற்கு, சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

திருமணமான இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் அவளுக்கென்று எதையும் ஒளித்து வைத்துக் கொடுத்ததில்லை. அதெல்லாம் தெரியாத மனிதர். ஆகையால் அந்தப் பெட்டியைப் பற்றி அவள் முதலில் சிரித்தாள், பிறகு யோசித்தாள். அவர் படியில் உட்கார்ந்த அந்த நாளுக்குப் பிறகோ, அவளுக்கு இன்னும் சொல்லி முடிக்காத ஒரு பேச்சைப்போல அது கடலில் வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு மாதம் அவள் எழுந்ததும் சாப்பிட்டதும் பதினேழு வரட்டும் என்றுதான்.

"சார், நான் சொல்றேன்" என்றாள். "ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எழுதிக்குங்க."

"முப்பத்தொண்ணுமா?"

"முப்பத்தொண்ணும்."

அதிகாரி அவளையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லுங்க. ஆனா நான் காட்டற பெட்டியில நீங்க சொன்னது இல்லன்னா, அப்புறம் எல்லாத்தையும் பிரிப்பேன். வருத்தப்படக் கூடாது."

கொழுந்தன் எழுத உட்கார்ந்தான். அவள் வரிசையாக நடந்து, ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் கை வைத்துச் சொன்னாள். "ஒண்ணு, முதல் நாளைக்கு வேணுங்கறது. கெட்டில், ரெண்டு டம்ளர், சோப்பு, துண்டு, பல்பு, ஸ்க்ரூடிரைவர். ரெண்டு, போர்வை. மூணு, தையல் மெஷின் தலை மட்டும். நாலு, பெரிய பாத்திரம், துண்டு சுத்தினது."

"அண்ணி, மெதுவா. என் கையெழுத்தை அப்புறம் நானே படிக்கணும்."

"ஒம்பது, புத்தகம். ரெண்டு அகராதி, மீதி சட்டப் புத்தகம்."

"அண்ணன் சட்டமா படிச்சார்?"

"அவர் எங்க படிச்சார். ஒரு வக்கீல் வீடு காலி பண்ணினப்போ விட்டுட்டுப் போனது. தூக்கிப் போட மனசு வரல. பதினாலு வருஷமா எங்ககூடயே இருக்கு, யாரும் தொறந்ததில்ல."

அதிகாரிகூட லேசாகச் சிரித்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவளுக்கு எதுவும் தடங்கவில்லை. அவரது முழங்கைகள் அசைந்த விதம், எந்தப் பொருளை எதற்குள் செருகினார் என்பது, எந்தப் பெட்டியின்போது இருமினார் என்பது உட்பட எல்லாம் நினைவிலிருந்து வந்தது. பதினேழின் மேல் கை வைத்தபோது குரல் ஒரு நொடி நின்றது. விளிம்பைச் சற்றே தூக்கிப் பார்த்தாள். கனமே இல்லை.

"தலையணை" என்றாள்.

மீதியையும் சொல்லி முடித்தாள். அதிகாரி எழுந்து வந்து, முதலில் நான்கைக் காட்டினார். கிடங்குச் சுமைதூக்கி நரைத்த மீசைக்காரர். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, அவள் வாயைத் திறப்பதற்குள் டேப்பைக் கிழித்துவிட்டார். துண்டு சுற்றிய பாத்திரம். அதிகாரி தலையசைத்தார். பிறகு, பல காலம் பொய்யையும் உண்மையையும் கேட்டுப் பழகிய காது அல்லவா, நேராகப் போய்ப் பதினேழின் முன்னால் நின்றார்.

"இது வேண்டாம் சார். வேற எதை வேணா பாருங்க."

"ஏம்மா, தலையணைதானே?"

சுமைதூக்கி கத்தியோடு குனிந்தார். "கத்தி வேண்டாம் பெரியவரே" என்று அவள் தரையில் உட்கார்ந்தாள். டேப்பின் ஒரு நுனி சுண்டுவிரல் அளவுக்கு உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது. எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான். பிரிக்கிறவருக்கு நகமும் தேயக் கூடாது, கத்தியும் தேடக் கூடாது என்பது அவர் கணக்கு. அவள் அந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் டேப் முழுதும் வந்தது.

மேலே கசக்கிய தாள். அதை எடுத்தாள். அடியிலும் கசக்கிய தாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். அதன் கீழும் தாள், கடைசியில் அட்டையின் அடிப்பாகம். பெட்டியைச் சாய்த்து உள்ளே தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அதிகாரியின் முகம் மாறியது. "காலிப் பெட்டியை யாராவது கடல் தாண்டி அனுப்புவாங்களா? இதுல என்ன இருந்தது? யார் எடுத்தாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்தன் பதறிப்போய், "அண்ணி, அண்ணி" என்று தோளைத் தொட்டான். அந்தச் சிரிப்பு நிற்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"யாரும் எடுக்கல சார். என்னை ஏமாத்தியிருக்கார்" என்றாள். "கனமா இருக்கறதால சாமான் உடையாது, நடுவுல சந்து இருந்தாத்தான் உடையும்பார். கப்பல் ஆடும்போது அந்தச் சந்துக்குள்ள பக்கத்துப் பெட்டி சரியும், அதுமேல அடுத்தது சரியும். அதனால பெட்டிங்களை அடுக்கற மரக்கூட்டுல சந்து விழுந்தா, அந்த அளவுக்கு ஒரு வெறும் பெட்டி செஞ்சு, தாளைத் திணிச்சு, நடுவுல வைப்பாங்களாம். எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். நான் மறந்துட்டேன். நான் மறப்பேன்னு அவருக்குத் தெரியும்."

அதிகாரி சுமைதூக்கியைப் பார்த்தார்.

"உண்மைதான் சார்" என்றார் அவர். "தொழில் தெரிஞ்சவங்க செய்வாங்க. இப்பல்லாம் யார் செய்யறாங்க, ரெண்டு பஞ்சு மூட்டையைச் சொருகிட்டுப் போயிடறாங்க. இந்தப் பெட்டிங்களைப் பாருங்க, ஒண்ணாவது நசுங்கியிருக்கா? கட்டினவர் யாரும்மா?"

"வீட்டுக்காரர்."

சுமைதூக்கி தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் மெல்லத் திரும்ப வைத்தார்.

அவள் கண்முன் இன்னொரு அறை வந்து நின்றது. கொழுந்தன் பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டின் முன்னறை. அங்கே அவள் ஆவலாகப் பதினேழைப் பிரிக்கிறாள், தாளாக அள்ளிப் போடுகிறாள். வாசற்படியில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் அவர், உதட்டை மடித்துக்கொண்டு. அடிப்பாகம் தெரிந்ததும் வெடித்துச் சிரிக்கிறார். அவள் தாளைச் சுருட்டி அவர்மேல் எறிகிறாள். அவ்வளவுதான் அவர் அவளுக்காக ஒளித்து வைத்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அதிகாரி தாம் சொன்ன சொல்லை முழுதாக மீறவும் இல்லை, முழுதாகப் பிடிக்கவும் இல்லை. இன்னும் மூன்று பெட்டிகளைக் காட்டினார். சுமைதூக்கி இந்த முறை கத்தியை எடுக்காமல் மடிப்பைத் தேடிப் பிடித்து இழுத்தார். அவள் சொன்னபடியே இருந்தன. பிறகு அதிகாரி பட்டியலில் பதினேழுக்கு எதிரே இருந்த தலையணையை அடித்துவிட்டு, பேனாவை நிறுத்தினார்.

"இதுக்கு என்னன்னு எழுதறது? வெறும் பெட்டிக்கு லிஸ்ட்ல இடம் கிடையாதும்மா. முப்பதுன்னு போட்டுடறேன். இதை இங்கயே விட்டுட்டுப் போங்க, குப்பையில போட்டுடுவாங்க."

"முப்பதுன்னே போட்டுக்குங்க சார். ஆனா இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

அவர் தோளைக் குலுக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். அந்தச் சாமான்களுக்கு அவள் உரிமையாளரானது அப்போதுதான்.

மத்தியானத்துக்குமேல் லாரி வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றது. கூட வந்த இரண்டு ஆட்கள் முன்னறையில் பெட்டிகளை அடுக்கினார்கள். பதினேழு கடைசியாக வந்ததால் மேல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தது. அவர்கள் போனதும் அவள் ஒன்றாம் பெட்டியின் மடிப்பை இழுத்தாள். கெட்டில், சோப்பு, பல்பு, எல்லாம் இருந்தன. கொழுந்தன் பல்பை எடுத்து மாட்டினான். அது எரிந்தது. அவள் தேநீர் போட்டு ஒரு டம்ளரை அவனிடம் கொடுத்தாள்.

அவன் குடித்து முடித்துச் சோம்பல் முறித்தான். அறையைச் சுற்றிப் பார்த்து, வேலையில் ஒரு பகுதியையாவது குறைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தவனாக, மேல் வரிசை ஓரத்துக்குக் கை நீட்டினான்.

"அண்ணி, இந்த வெறும் பெட்டியை வெளிய போட்டுடவா? இடமாவது மிச்சமாகும்."

"வேண்டாம் தம்பி. அதை எடுத்தா மத்ததெல்லாம் சரிஞ்சுடும்."

கொழுந்தன் அடுக்கைப் பார்த்தான். பதினேழின் மேல் எதுவும் இல்லை, பக்கத்தில் எதுவும் சாய்ந்திருக்கவில்லை. நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.