அவசரத்துக்கு எட்டுப் பெட்டி

பொழுது விடிவதற்குள் எட்டுப் பெட்டி ஆபரேஷன் கத்தி வெந்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக் கருவிகளை ஆவியில் வேகவைக்கிற பாய்லர் அக்கா கொதிக்கிற மூடியைத் திருகித் திறந்தாள். புஸ்ஸென்று அடித்த ஆவியில் முகம் வெந்தது. கையுறை ஓட்டையாகி மூன்று மாதம் ஆயிற்று. புதுசு கேட்டால், "போன வருஷந்தானே குடுத்தோம்" என்பார்கள். கந்தலைச் சுற்றிக்கொண்டு பெட்டிகளை இறக்கினாள்.

எட்டு என்ற கணக்கு நேற்று மாலையே வந்துவிட்டது. எட்டுமே அவசர ஆபரேஷனாம். நாளைக்கு எத்தனை பேருக்கு ஆபத்து வரும் என்று இன்றைக்கே கண்டுசொல்லும் ஞானி, இந்த ஆஸ்பத்திரியின் முதலாளி டாக்டர்.

முன்பெல்லாம் பிரசவ அறையில் மூன்று நர்ஸ்கள். இப்போது ஒருத்தி. வலி கண்டவளுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் ஆள் இருக்க வேண்டும். வயிற்றைக் கீறி எடுக்க முக்கால் மணி போதும், பில்லும் இரண்டு மடங்கு. இந்தக் கேவலத்துக்கு அந்த மனுஷன் வைத்திருந்த பெயர் தாய் சேய் நலம்.

ஆபரேஷன் பட்டியலில் எட்டாவது ஆளைப் பார்த்ததும் அக்கா கைக்கந்தலைக் கழற்றி எறிந்தாள். சலவைக்காரப் பெண். இதே ஆஸ்பத்திரியில் ஈரப் போர்வை மூட்டை தூக்குகிறவள். தலைப்பிரசவம். வயிற்றைக் கிழித்தால் மறுபடி மூட்டை தூக்க மாதக்கணக்காகும். அதுவரை வேலை அவளுக்காகக் காத்திருக்காது.

அக்கா பிரசவ அறைக்கு ஓடினாள். சலவைக்காரி கட்டில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். நர்ஸ் அவள் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டாள்.

"துடிப்பு நல்லா இருக்குக்கா. கர்ப்பவாயும் திறந்துக்கிட்டே வருது. பொறுத்தா தானா பொறந்துடும். பொறுக்க விடணுமே!"

சொல்லி வாய் மூடவில்லை, டாக்டர் வந்துவிட்டார். மத்தியானம் ஒரு கருத்தரங்கில் தாய்மையின் மேன்மை பற்றி அவர் பேச வேண்டுமாம்.

"இன்னும் முடியலையா? துடிப்பு குறையுதுன்னு எழுதும்மா. தியேட்டருக்குத் தள்ளுங்க."

"குறையலையே சார்," என்றாள் நர்ஸ்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கோர்ட்டுக்கு நீயா போவே?"

"அதுக்குத்தான் சார் பக்கத்துல ஆள் வேணும்கறோம். நர்ஸுங்களக் குறைக்காம இருந்திருக்கலாமே."

பெட்டி அறைச் சாவியை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டாள். "நிஜமாவே குறைஞ்சா சொல்லுங்க, ஒரே நிமிஷத்துல நானே பெட்டியத் தூக்கிட்டு ஓடி வரேன். உங்க கருத்தரங்குக்காகப் பெட்டி வராது."

"ரெண்டு பேர் சீட்டும் கிழியும்!"

"கிழிக்கிறது உங்களுக்குப் பழக்கந்தானே சார்," என்றாள் வாசலில் துடைப்பத்தோடு நின்ற கூட்டுகிறவள். டாக்டருக்கு முகம் கறுத்தது. புது ஆட்கள் அனுப்பச் சொல்லிப் போனில் கத்திக்கொண்டே வெளியேறினார்.

சேதி மாடிக்கு மாடி பரவியது. ஷிஃப்ட் முடிந்த ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. நர்ஸ் கேஸ் தாளை எடுத்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் எழுதினாள்: 'துடிப்பு சீராக உள்ளது. காத்திருக்கிறோம்.' அவள் கையெழுத்துக்குக் கீழே மற்றவர்களும் போட்டார்கள்.

"எனக்காக எல்லாரும் வேலையத் தொலைச்சுக்காதீங்கக்கா," என்று முனகினாள் சலவைக்காரி.

"உனக்காக மட்டுமாடி? போன வாரமும் இதே கூத்துதான். பேசாம மூச்ச இழுத்து விடு."

அடுத்த வலி வந்து போனது. நர்ஸ் மறுபடி குழலை வைத்தாள்.

"நல்லா இருக்கு. அடுத்த ஒரு மணி நேரம் பக்கத்துல யாரு உக்கார்றீங்க?"

ஆறு கைகள் உயர்ந்தன.