அண்ணன் கொண்டுவந்த ஆயில்

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார். வலது கையில் பெரிய ஆயில் கேன். அதன் கனத்தில் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

தங்கை முன்னறையில் தரையில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் தையல் மிஷினில் இருந்தார். இருவருக்கும் அதுதான் பிழைப்பு. அவர் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைப்பார். அவள் வண்டியை எடுத்துப்போய் ஜன்னல்களை அளந்து வருவாள். தைத்து முடிந்ததும் கொண்டுபோய்க் கம்பி பொருத்தி மாட்டிவிட்டு வருவாள். வண்டி ஓட்டுவது முழுக்க அவள்தான். "நான் காலால மிதிக்கிறது இந்த மிஷினை மட்டும்தான்" என்பார் தையல்காரர்.

அண்ணனைப் பார்த்ததும் மிஷின் சத்தம் நின்றது. அவர் இந்த வாசலை மிதித்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

காரணம் வெளியே நின்றுகொண்டிருந்த வண்டிதான். தொழிலுக்கு ஒரு வண்டி வேண்டும் என்று தங்கை பேச்செடுத்தபோது, அண்ணன் ஒரு சின்ன லோடு வேனைப் பார்த்து, விலையும் பேசி வைத்திருந்தார். சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறவர்; வண்டி விஷயத்தில் தன் பேச்சுக்கு மறுபேச்சு இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. தங்கையோ ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்.யு.வி. ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டாள். பின் சீட்டுகளை மடக்கினால் திரைச்சீலைகள் கசங்காமல் நீட்டிப் படுக்கும். கம்பிகளும் வளையாமல் போகும். இதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். அண்ணன் காதில் வாங்கவில்லை. "திரைச்சீலை மாட்டப் போறவளுக்கு எதுக்கு மந்திரி போற வண்டி?" என்று கேட்டார். "ஓட்டப்போறது நான்தானே?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அத்தோடு போக்குவரத்து நின்றது.

"வாங்க மச்சான், வாங்க வாங்க!" தையல்காரர் எழுந்த வேகத்தில் கழுத்தில் கிடந்த அளவு நாடா கீழே விழுந்தது.

அண்ணன் கேனைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக வைத்தார். "மாப்ளே, உங்க யானைக்கு ஆயில் மாத்துற நேரம் வந்திருக்கும்னு தோணுச்சு. என் லாரிக்கு ஊத்துறதே இதுதான். தேன் மாதிரி கெட்டியா இருக்கும். ஒரு தடவ ஊத்திப் பாருங்க, எஞ்சின் சத்தமே மாறிடும்."

சொன்னதெல்லாம் மாப்பிள்ளையிடம், பார்த்ததெல்லாம் கேனை. தங்கைக்குப் புரிந்துவிட்டது. 'நான்தான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்' என்ற வார்த்தை இந்த ஜென்மத்தில் அண்ணன் வாயிலிருந்து வராது. வந்தால் இப்படிக் கேனாகத்தான் வரும்.

"உட்காரு அண்ணே. டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். தையல்காரர் பின்னாலேயே வந்து கதவை லேசாகச் சாத்தினார்.

"என்ன முகம் இப்படி ஆயிடுச்சு?"

"அந்த ஆயில் நம்ம வண்டிக்கு ஆகாதுங்க."

அவள் போன வாரமே வண்டியின் கையேட்டைப் படித்திருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அது என்னவென்று தேடப்போய்த்தான் ஆயில் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தாள். அங்கே தெளிவாகப் போட்டிருந்தது, இந்த வகை எஞ்சினுக்குச் சாம்பல் குறைவான ஆயில் மட்டும்தான் என்று.

"நீ ஒண்ணும் சொல்லாத. இத்தனை நாள் கழிச்சு வந்திருக்கார், ஊத்திட்டுப் போகட்டும்" என்றார் தையல்காரர்.

"ஊத்தினா வண்டி போயிடும்."

"சொன்னா அண்ணன் போயிடுவார்."

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு மூன்று டம்ளரில் டீயை ஊற்றினாள். அண்ணன் குடித்து முடிக்கும்வரை ஆயிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அண்ணி எப்படி இருக்கிறாள், லாரி டிரைவர் லீவு முடிந்து வந்தானா என்றெல்லாம் விசாரித்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்ததும் சொன்னாள்:

"அண்ணே, கேனைத் திறக்கறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு தடவ பாரேன். எனக்கு ஒரு விஷயம் புரியவே மாட்டேங்குது."

அதைக் கேட்டதும் அண்ணனுக்கு முதுகு நிமிர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, தையல்காரர் நீட்டிய வெட்டுத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

"இவ்வளவு ஆயிலை யாரு ஊத்தினது?"

"யாருமே ஊத்தல. அதைத்தான் கேக்கறேன். போன மாசம் பார்த்தப்போ ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தது."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா அண்ணே."

அவர் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தார். அதே அளவுதான். "குறையறதப் பார்த்திருக்கேன். கூடறத இன்னிக்குத்தான் பார்க்கிறேன். என்ன, உள்ளே குட்டி போடுதா?"

"யானைதானே மச்சான், போட்டாலும் போடும்" என்றார் தையல்காரர்.

அண்ணன் சிரித்தார். ஆனால் கண் கம்பியை விட்டு நகரவில்லை. ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது.

"டீசல் வாசம். ஆயில்ல டீசல் கலந்திருக்கும்மா. இங்க பாரு, பிசுபிசுப்பே இல்ல, தண்ணியா ஓடுது. நல்லவேளை காட்டின. இப்படியே ஓட்டிட்டுப் போயிருந்தா எஞ்சின் தேஞ்சு போயிருக்கும்."

தங்கைக்கு மனதுக்குள் ஏதோ கதவு திறந்ததுபோல் இருந்தது. கையேட்டில் அவள் படித்து, பாதி புரிந்து பாதி புரியாமல் விட்ட ஒரு பத்தி இப்போது முழுசாகப் புரிந்தது. ஓடிப்போய் அதை எடுத்து வந்தாள்.

"புஸ்தகமா வண்டி ஓட்டுது?" என்றார் அண்ணன்.

"ஓட்டறது நான்தான். ஆனா கேளேன். இந்த வண்டியில புகை போற குழாய்க்குள்ள ஒரு வடிகட்டி இருக்கு. கரியெல்லாம் அதுல போய் அடைஞ்சுக்கும். ரொம்பச் சேர்ந்ததும் எஞ்சினே கொஞ்சம் டீசலை அதிகமா விட்டு, சூடாக்கி, அந்தக் கரியை எரிச்சிடும். ஆனா அதுக்கு வண்டி நிக்காம ஓடணும். நான் எங்க ஓட்டறேன்? இந்தத் தெரு, அடுத்த தெரு. ஒரு ஜன்னல அளந்தா நிறுத்தறேன், மறுபடி எடுக்கறேன், மறுபடி நிறுத்தறேன். பாதி எரியும்போதே நிறுத்திட்டா, எரியாத டீசல் வழிஞ்சு ஆயில்ல போய்ச் சேருதாம்."

"அதான் வண்டிய நிறுத்தின பிறகும் உள்ள ஃபேன் உறுமிக்கிட்டே இருந்ததா?" என்று கேட்டார் தையல்காரர்.

அண்ணன் தாடையைச் சொறிந்தார். "இருக்கும். என் லாரி காலைல கிளம்பினா இருட்டினாத்தான் நிக்கும். பழைய வண்டி வேற, அதுல இந்த வடிகட்டி எல்லாம் கிடையாது." கொஞ்சம் யோசித்தார். "சரி, டீசல் கதை புரிஞ்சுது. ஆயில் தண்ணியாப் போச்சுன்னா கெட்டி ஆயில்தானே வேணும்? என் ஆயில் என்ன பாவம் பண்ணுச்சு?"

இதுதான் அவள் பயந்த இடம். நேராகவே சொன்னாள்.

"ஒரு பாவமும் பண்ணல. லாரிக்கு அது அமிர்தம். ஆனா எந்த ஆயிலும் கொஞ்சம் எரியத்தான் செய்யும். எரிஞ்சா சாம்பல் விடும். கரி எரிஞ்சு போயிடும் அண்ணே, சாம்பல் எரியாது. வடிகட்டியிலயே தங்கிடும். உன் ஆயில்ல சாம்பல் அதிகம். அவ்வளவு கெட்டியும் இந்த எஞ்சினுக்கு வேண்டாம்னு போட்டிருக்கான்."

மச்சானை எதிர்த்து ஒருநாளும் வாய் திறக்காத தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், மெல்லிசுத் துணிக்குச் சாக்குத் தைக்கிற ஊசியப் போட்டா என்ன ஆகும்? ஊசியில குத்தம் இல்ல. துணிதான் போயிடும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் திறந்த கதவு வழியே முன்னறையில் இருந்த கேனைப் பார்த்தார். "உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லிட்டு வந்தேன். தங்கச்சிக்கு ஆயில் ஊத்திக் கொடுத்துட்டு வரேன்னு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஊத்திக் கொடுக்கப் போறது நீதான்" என்றாள் தங்கை. "ஊத்தப் போறது மட்டும் வேற ஆயில். என்கூட கடைக்கு வா. எந்த எழுத்துப் பார்க்கணும்னு எனக்குத் தெரியும். ஆனா எது அசல், எது போலின்னு எனக்கு எங்க தெரியுது? நீ வரலைன்னா எவனாவது என் தலையில மிளகாய் அரைச்சிடுவான்."

அண்ணன் பழைய ஆயில் ஒட்டிய விரல்களைத் துணியில் அழுத்தித் துடைத்தார். "அதுவும் சரிதான். ஊர்ல பாதி கேன் போலி" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார்.

உதிரிபாகக் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. கடைக்காரர் மேஜைமேல் நாலைந்து கேன்களை அடுக்கினார். எல்லாவற்றின் முன்பக்கமும் வேகமாக ஓடும் வண்டியின் படம். எல்லாவற்றிலும் 5W-30 என்று ஒரே கெட்டித்தன்மை எண்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இதுதான் நல்லாப் போகுது" என்று சிவப்புக் கேனை நகர்த்தினார்.

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். துணிக் கட்டுகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சலவைக் குறிப்புகளைப் படித்துப் பழகிய கண்கள். சிவப்புக் கேனில் அவள் தேடிய, சாம்பல் குறைவு என்பதற்கான குறியீடு இல்லை. இன்னொன்றிலும் இல்லை. மூலையில் இருந்த சாம்பல் நிறக் கேனில் C3 என்று இருந்தது. கையேட்டில் இருந்த அதே எழுத்து, அதே எண்.

"இதுதான் அண்ணே."

இப்போது அண்ணனின் முறை. கேனை வாங்கி மூடியைச் சுற்றிலும் நகத்தால் தடவினார். அடியில் இருக்கும் வளையத்தை அசைத்துப் பார்த்தார். அது லேசாக ஆடியது.

"இது ஏற்கெனவே திறந்த மூடி."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? கம்பெனியிலேருந்து நேரா வந்தது!"

அண்ணன் வளையத்தை அவர் கண்ணெதிரே மறுபடி ஆட்டிக் காட்டினார். கடைக்காரர் உள்ளே போனார். வேறொரு கேனோடு வந்தார். இதன் வளையம் மூடியோடு இறுகப் பிடித்திருந்தது. புது ஆயில் ஃபில்டரும், ஆயிலை வடிக்கத் திறக்கும் அடித் திருகுக்கு ஒரு வாஷரும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அண்ணன், "எல்லாரும் முன்னாடி இருக்கிற படத்தப் பார்த்துத்தான் வாங்கறான். நானும் அப்படித்தான்" என்றார். அதைத் தங்கையின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

வேலையை அவர் வீட்டு வாசலிலேயே செய்தார். அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். பழைய ஆயில் கறுப்புத் தண்ணீராகச் சளசளவென்று தொட்டியில் கொட்டியது. கடைசிச் சொட்டு வடியும்வரை யாரையும் பேச விடவில்லை. புது ஆயில் ஊற்றும்போது மட்டும் இரண்டு பேருக்கும் சின்னச் சண்டை.

"இன்னும் கொஞ்சம் விடறேன்."

"போதும் அண்ணே, கோடு வந்தாச்சு."

"ஒரு வாய்?"

"அரை வாய்கூட வேண்டாம்!"

ஊற்றி முடித்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தாயிற்று. வடிகட்டி அடைந்திருப்பதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. கரி எரிய வேண்டுமே. அதற்கு நெடுஞ்சாலைக்குத்தான் போக வேண்டும். மூவரும் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். அங்கே தங்கை சாவியோடு நின்றாள். அவர் சுற்றிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் அறிவுரை மழை பொழிந்தது. "ஒரே வேகத்துல போ. சும்மா சும்மா பிரேக்கைத் தொடாத. ஒரு கியர் குறைச்சே ஓட்டு, சூடு ஏறட்டும்." அவளும் அப்படியே ஓட்டினாள், எல்லாம் சரியான யோசனைகள்தான். ஊர் முடிந்து, குடோன்களும் முடிந்து, இரண்டு பக்கமும் வெட்டவெளி வந்தது. பின்சீட்டிலிருந்து சத்தம் நின்றுவிட்டது.

தையல்காரர் கவலையோடு அவள் பக்கம் சாய்ந்தார். "கோவமா இருக்காரோ?"

"திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையை ஜன்னலில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வயது வந்த நாளிலிருந்து வண்டியில் அவர் உட்கார்ந்த இடமெல்லாம் ஸ்டியரிங் முன்னால்தான். வண்டி ஓடும்போது தூங்கலாம் என்பதே அவருக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. சத்தமில்லை, எதுவுமில்லை, இருந்தது, இல்லை. தையல்காரர் கைதட்டப் போனார். அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை.

ஏரிக்கரையில் வண்டி நின்றதும்தான் அண்ணன் கண்விழித்தார். திருதிருவென்று விழித்தார்.

"எங்க வந்திருக்கோம்? விளக்கு என்னாச்சு?"

"அது எப்பவோ அணைஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் வீட்டுக்குத் திரும்பல?"

"நீ தூங்கிட்டிருந்த."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சீட்டைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "உட்கார நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருடைய கணக்கில் அது பெரிய பேச்சு. தங்கை அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூவரும் இறங்கிக் காற்று வாங்கினார்கள். அண்ணன் தண்ணீரில் கல் எறிந்தார். ஒன்றுகூடத் தத்திப் போகவில்லை. தையல்காரர் எறிந்தது மூன்று முறை தத்தியது. "தையல்காரன் கை" என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

வாரம் ஒருமுறையாவது வண்டியை இப்படி நீட்டி ஓட்ட வேண்டும் என்று தங்கை திரும்பி வரும்போது சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அண்ணன் துவைத்த சட்டையில், கக்கத்தில் ஒரு தலையணையோடு நின்றார். பின்னால் அண்ணி, கையில் பிளாஸ்க்கோடு.

"இந்த வாரம் எந்தப் பக்கம்?" என்றார் அண்ணன்.

"எந்தப் பக்கமா இருந்தா உங்களுக்கென்ன, நீங்கதான் தூங்கப் போறீங்களே" என்று சொல்லி அண்ணி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஜன்னல் சீட்டு எனக்கு. நான் வேடிக்கை பார்க்கணும்."