முதலிடத்தில் இருந்த நாடு

பேரை மட்டும் மாத்தினாப் போதுமாம், பேரை மட்டும்... எம்புட்டு லேசாச் சொல்லிட்டார் கைடு செல்லப்பாண்டி சார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "ஐஸ்லாந்து வர்ற இடத்துல எல்லாம் நார்வேன்னு போட்டுரும்மா, ரெண்டும் குளுந்த நாடு, ரெண்டு இடத்துலயும் மீன் பிடிக்கிறாக, எவன் வந்து கேட்கப்போறான்" என்று. கேட்க மாட்டான்தான், எவனும் கேட்க மாட்டான், ஆனால் எட்டு மாசமாக எழுதியவள் நானில்லையா என்று தஹ்மீனாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, "சரிங்க சார்" என்று மட்டும் வெளியே போனது, அந்தச் சரிங்க சாரை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. விருதுநகரில் ஏறி உட்கார்ந்து இருபது நிமிஷமாகியும் பஸ் கிளம்பவில்லை, டிரைவர் டீக்கடையில் நின்றபடி யாரிடமோ தீபாவளி போனஸைப் பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம், நாளைக்கு மதியத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும், அது சிவகாசியில் டைப் அடிக்கிற ஊர்க்காவலனின் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது, விருதுநகரிலேயே டைப் பண்ணக் கொடுத்திருக்கலாம், சிவகாசிக்காரர்கள்தான் அட்டவணையெல்லாம் கோடு பிசகாமல் அழகாகப் போடுவார்கள் என்று யார் சொன்னது... இதே செல்லப்பாண்டி சார்தான். தலைப்பைக் கொடுத்ததும் அவர்தான், உலகமயமாதலும் நாடுகளின் நிலைத்தன்மையும், ஓர் ஒப்பாய்வு. நிலையான நாடு ஒன்று, நிலையில்லாத நாடு ஒன்று, நடுவில் நம்ம நாடு, மூன்றையும் நிறுத்திப் பார்த்தால் முடிந்தது என்றார். நிறுத்தியாகிவிட்டது, பத்து நாளைக்கு முன்னால்தான் சார் திருத்திப் பார்க்க ஒரு பிரதி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள், ரம்ஜான் புதுச்சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை, அதற்குள் நிலையான நாடு விழுந்துவிட்டது.

ஒரு நாடு இப்படியா விழும்? பஸ் ஒருவழியாகக் கிளம்பியதும் காற்று வந்தது, கோபம் மட்டும் குறையவில்லை. அத்தாவின் மல்லி வத்தல் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பேப்பரில்தான் முதலில் பார்த்தாள், உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே நாலே வரி, ஐஸ்லாந்தின் பெரிய வங்கிகளை அரசு கையில் எடுத்துக்கொண்டது என்று. வேறு ஐஸ்லாந்தாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாளே, அந்தப் பைத்தியக்காரத்தனத்தை என்ன சொல்வது. மனித மேம்பாட்டுக் குறியீட்டில் உலகத்திலேயே முதலிடம் என்று போட்டிருந்தார்கள், அதை நம்பித்தானே எடுத்தாள், ஆனால் அந்த அட்டவணை... நாற்பத்தேழாம் பக்கத்து அட்டவணை அவளே போட்டது. ஆட்சி, விலைவாசி, படிப்பு, வங்கி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். வங்கிக்கு ஐஸ்லாந்துக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தாள், ஏன் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள், பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் முடியப்போகிற அவசரத்தில், வங்கித் துறை மிக வேகமாக வளர்கிறது என்று ஒரு வரி கண்ணில் பட்டது, வேகமாக வளர்ந்தால் நல்லதுதானே என்று பத்து போட்டாள், அவ்வளவுதான். இந்தியாவுக்கு ஆறு. பாவம், ஆறு! ஜிம்பாப்வேக்கு ஒன்று. மூன்று நாட்டில் அது ஒன்றுதான் அவள் எழுதியதற்கு மாறாமல் அப்படியே இருக்கிறது, அங்கே போன வாரமும் விலை ஏறியதாம், இந்த வாரமும் ஏறியதாம், அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஆமத்தூர் தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள். முன்னால் பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள், சீசன் கடைசி என்பதால் வட நாட்டு ஆர்டரெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகிறது, ஒன்று அச்சு முறிந்து ரோட்டுக்குக் குறுக்கே நிற்கிறதாம். வெடிமருந்து வேலை முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள், ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள், கை முழங்கை வரை அலுமினியத் தூளின் வெள்ளி, "சிவகாசியில எறங்கிப் புதுப்பட்டிக்கு மாறணும் தாயி, தூங்கிட்டா எழுப்பி விடு" என்றாள், சொன்ன வாய் மூடுவதற்குள் தூங்கிப்போனாள், தலை தஹ்மீனாவின் தோளில். தள்ளவும் முடியவில்லை. எப்படித்தான் இப்படிச் சட்டென்று தூங்குகிறார்கள்... தஹ்மீனா தூங்கி ஆறு நாளாகிறது. ஆய்வேட்டுக்காகவா? சே, ஆய்வேடு கிடக்கிறது, பாஸாகாவிட்டால் அடுத்த ஏப்ரலில் எழுதிவிட்டுப் போகிறாள், அதற்காகவா ஆறு நாள்.

அசாருதீன் அண்ணன் ஜூலையில் போன் செய்தபோது அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு ஓட்டலில் வேலை, ஏதோ கோர்ஸ் படிப்பதாகப் பேர், பாதி நாள் வெங்காயமும் பாத்திரமும். இரண்டு வருஷமாகச் சேர்த்தது, திரும்பி வந்து அத்தா கடையை ஒட்டிச் சின்னதாக ஒரு பருப்பு மில் போட. கூட வேலை பார்க்கிறவன் ஒருத்தன் ஐஸ்லாந்துக்காரன் பேங்கில் போட்டிருக்கிறானாம், இன்டர்நெட்டிலேயே போட்டு இன்டர்நெட்டிலேயே எடுக்கலாமாம், மற்ற இடத்தைவிட நன்றாகத் தருகிறானாம். "அம்மாட்ட வட்டின்னு சொல்லித் தொலைச்சிராத" என்று முதலில் ஒரு மிரட்டல். அப்புறம்தான் கேட்டான், "ஏ புள்ள, நீதான் நாடு நாடா எடை போட்டுக்கிட்டு இருக்கியாமே, அத்தா சொன்னாக. அந்த நாடு எப்படி?" அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு நொடிகூட! உலர்ந்த துணியெல்லாம் தோளில் கிடக்க, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "உலகத்துலயே முதலிடம்ணே, கண்ணை மூடிக்கிட்டுப் போடு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டான். ஏன் போட்டான், அவன் பெரியவன்தானே, நாலு பேரிடம் விசாரிக்க வேண்டாமா, விருதுநகரை விட்டு மதுரைக்கு மேல் போகாத ஒருத்தி சொன்னாள் என்றா ஒருத்தன்... என்று அவன் மேலேயே கோபமாக வந்தது, வந்த வேகத்தில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. போன புதன்கிழமை ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. பேங்க் மூடிட்டான், பணம் உள்ள நிக்குது, வீட்டுல சொல்லாத. அவ்வளவுதான். நீ சொல்லித்தானே போட்டேன் என்று ஒரு வார்த்தை? இல்லை. அது இருந்திருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், அழுதிருப்பாள், தூங்கியிருப்பாள்.

வீட்டில் எப்படி நடமாடுவது? அம்மா பல்கீஸ் சோற்றைப் போட்டுக்கொண்டே, ஐஸ்லாந்துல வீடெல்லாம் ஐஸ்கட்டியிலயா கட்டுவாக என்று கேட்கிறாள், தினமும் கேட்கிறாள், நேற்று இவள் "ஆமா, அதான் கரைஞ்சு போச்சு" என்று கத்திவிட்டாள். அம்மா ஒன்றும் புரியாமல் கரண்டியோடு நின்றாள். அத்தா உதுமான் அதற்கும் மேலே, கடைக்கு வருகிறவரிடமெல்லாம் "எம் மக உலகத்தையே தராசுல வச்சிருக்கா" என்பார், மல்லி மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டே. அவர் மல்லி வாங்குகிறதைப் பார்த்திருக்கிறாள், ஒரு மூட்டையில் மூன்று இடத்தில் குத்தூசி போட்டு எடுத்து, கசக்கி, மோந்து, வெயிலில் காட்டி, அப்புறமும் "யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் சொல்வார், தரகர்கள் அலுத்துப்போவார்கள். அத்தா மகள் ஒரு நாட்டையே முழுசாக வாங்கிவிட்டாள், ஊசியே போடாமல். அந்தச் சத்தமான வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது, அத்தா வாயையா, தன் வாயையா...

லாரியை ஓரங்கட்டிப் பஸ் நகர்ந்து சிவகாசி வந்தபோது மூன்றரை. பக்கத்துப் பெண்ணை எழுப்பினாள், அவள் திடுக்கிட்டு எழுந்து இறங்கி ஓடினாள், புர்காவின் தோளில் வெள்ளியாக ஒரு தடம் ஒட்டியிருந்தது, தட்டினால் இன்னும் பரவியது, சரி, இதுவும் சேர்ந்துகொள்ளட்டும். ஊர்க்காவலனின் கடையில் நிற்க இடமில்லை, காலண்டர் கம்பெனிக்காரர்களும் வெடி டப்பாவுக்கு லேபிள் அடிக்கிறவர்களும், ஒவ்வொருத்தருக்கும் இன்றைக்கே வேண்டும். அவளைப் பார்த்ததும் ஊர்க்காவலன், "அக்கா, உங்க நாட்டை இப்பத்தான் எடுத்தேன், உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். செல்லப்பாண்டி சார் போனில் சொல்லிவிட்டாராம். என்ன ஒரு அக்கறை! கம்ப்யூட்டரில் ஐஸ்லாந்தைத் தேடவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தவன் சிரித்தான். "நூத்திப் பன்னிரண்டு இடத்துல வருதுக்கா. ஒரே அமுக்கு, பூராவும் நார்வேயாயிரும். மாத்தவா?"

அப்போதுதான் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். வெளியே வந்து, பிரிண்டர் சத்தம் கேட்காத இடமாக வாசல் ஓரம் நின்று எடுத்தாள், இதோ திட்டப்போகிறான், திட்டட்டும், நல்லாத் திட்டட்டும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு.

"சாப்பிட்டியா?" என்றான் அசாருதீன்.

"அண்ணே, பணம்..."

"அது வந்துருமாம் புள்ள, இங்கன கவர்மெண்டு தர்றேன்னு சொல்லிட்டாக. எப்பன்னுதான் தெரியல, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ. அத்தாட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. கேளு, வந்துச்சுன்னா திரும்ப எங்கிட்டாவது போடணும்ல. இந்தவாட்டி எந்த நாட்டுக்காரன் பேங்க்ல போடலாம்? பாத்துச் சொல்லு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்குக் கிறுக்கா? என்கிட்ட ஏன்ணே கேட்கிற? நான் சொல்லித்தானே இப்படி ஆச்சு, ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டிக் கேட்க மாட்டேங்கிற?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். "உன்னை என்னத்தைக் கேட்க? அம்புட்டுப் பெரிய ஆளுகளுக்கே தெரியல, உனக்கு எங்கிட்டுத் தெரியும்" என்று சிரித்தவன், உடனே, "நம்ம வீட்டுல படிச்சவ நீதானே, வேற யாருட்டக் கேட்பேன், சொல்லு" என்றான். சொல்லிவிட்டுப் பேசாமல் காத்திருந்தான், லெஸ்டரிலிருந்து நிமிஷத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருந்தது, அவன் பாட்டுக்குக் காத்திருந்தான்.

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள்.

"சரி, மெதுவாப் பாத்துச் சொல்லு" என்று வைத்துவிட்டான், அவள் சொன்னது பதில் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

உள்ளே வந்தபோது ஊர்க்காவலன் விரலைத் தூக்கி வைத்தபடியே இருந்தான், பின்னால் லேபிள்காரர் ஒருத்தர் பொறுமை இழந்து உச்சுக்கொட்டினார். மாற்ற வேண்டாம், ஐஸ்லாந்தே இருக்கட்டும், நாற்பத்தேழாம் பக்கத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி சேர்க்கணும், இந்த மதிப்பெண்களை ஆய்வாளரே தன் போக்கில் இட்டார் என்று. அவள் சொல்லச் சொல்ல அவன் டைப் அடித்தான், 'தன் போக்கில்' என்ற இடத்தில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான், அடித்துவிட்டான். சார் நாளைக்குக் குதிப்பார், கையெழுத்துப் போட மாட்டேன் என்பார், குதிக்கட்டும். அதில் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதியவள் நான், மாற்ற மாட்டேன், எனக்குத் தெரியாது என்று அண்ணனிடமே சொல்லிவிட்டேன், இன்னும் என்ன... தாள் ஒவ்வொன்றாகச் சூடாக வெளியே வந்து விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அது பிடிபட்டது. அண்ணன் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தானே, அந்த இடைவெளியில், தெரியாது என்பதற்கு முன்னால், அவள் நாக்கு நுனியில் ஒரு பேர் வந்து தயாராக நின்றது. நார்வே. இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் அதைச் சொல்லியிருப்பாள்.