7316 தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை தற்பெருமையில் பிறந்தது. பதினான்கு வருடமாக அடிலெய்டில் செயற்கைக்கோள்களைக் கணினிக்குள் பறக்கவிட்டுப் பார்க்கிறேன். நான் எழுதிய சிமுலேட்டர் ஒரு தவறைப் பிடித்தது. அதைச் சொல்லத்தான் கதை, மற்றதெல்லாம் சால்ஜாப்பு.

முதல் தொடக்கம்: ஆகஸ்ட் மாதக் குளிரில் டொரன்ஸ் ஆறு மெல்ல... (வேண்டாம். ஆற்றுக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாவது: கிரலீ வோஸ்லர் என் மேசைக்குச் சண்டைக்கு வந்தாள்.

2

"மாரோ, உன் சிமுலேட்டருக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?"

(என் பெயர் திருமாறன். எந்தப் பெயரையும் வெட்டி 'ஓ'வோ 'ஈ'யோ ஒட்டினால்தான் இந்த ஊருக்குத் திருப்தி.)

"அதுக்கில்ல, உன் செயற்கைக்கோளுக்குத்தான்."

செயற்கைக்கோளைத் திருப்பி நிறுத்தும் சமன்பாடு அவளுடையது, இரண்டு வருட உழைப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பத்தாயிரம் தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு நிலையில் உருட்டிவிட்டேன். மற்றவையெல்லாம் சமர்த்தாகத் திரும்பி நின்றன. 7316ஆவது ஓட்டத்தில் மட்டும், இன்னும் இரண்டு பாகை திரும்பினால் போதும் என்ற இடத்திலிருந்து, எதிர்ப்பக்கமாக முந்நூற்று ஐம்பத்தெட்டு பாகை சுற்றி வந்தது.*

* கோள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நான்கு எண்களால் சொல்வோம். நான்கின் கூட்டல், கழித்தல் குறியையும் மாற்றிப் போட்டாலும் அதே பக்கம்தான். நமக்குத் தெரியும், சமன்பாட்டுக்குச் சொல்லித்தர வேண்டும். நட்சத்திரங்களைப் பார்க்கும் கேமரா நடுவில் ஒரு முறை அணைந்து எழுந்து, குறி மாற்றிச் சொல்லியிருக்கிறது. கிரலீயின் சமன்பாடு அதை நம்பி நீண்ட வழியில் சுற்றிவிட்டது.

3

இங்கே கிரலீயைப் பற்றிக் கொஞ்சம் தடுமாறுகிறேன். ஒரு வரைவில் அவள் கண் கலங்கி...

பொய். அவள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' அப்பத்தைக் கடித்துக்கொண்டே அந்த ஓட்டத்தை நான்கு முறை போட்டுப் பார்த்தாள். சட்டையில் சாஸ் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சே! உன்னோடது சரி. நான்தான் கோட்ட விட்டேன்."

எனக்குச் சிறகு முளைத்தது. மறைக்க மாட்டேன்.

ஒரே ஒரு வரியில் திருத்தினாள். ஆனால் அந்த வரி புதிதாக என்ன கிளப்பும் என்று தெரிய, பத்தாயிரத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குப் பத்தொன்பது மணி நேரம். அன்று மாலை ஐந்துக்குள், 'எல்லாம் ஓட்டிப் பார்த்தாயிற்று' என்று சொல்லும் சோதனைத் தாளில் கையெழுத்து விழாவிட்டால் ராக்கெட்டில் எங்கள் இடம் போய்விடும். அடுத்த இடம் எட்டு மாதம் கழித்து.

4

மூன்று மணிக்குக் கூட்டம். திட்டத் தலைவர் கிளெம் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு வரிதானே கிர்ரி? சரியாப் போயிடும், விடு."

(கூரை ஒழுகினாலும் காட்டுத்தீ வந்தாலும் இங்கே இதுதான் மந்திரம். நானும் தினம் நாலு தடவை ஓதுகிறவன்தான்.)

"நானும் சரியாப் போயிடும்னுதான், கிளெம், கேமராவ நம்புனேன்."

"எட்டு மாசம்! யோசிச்சியா?"

"யோசிச்சேன். வயிறு எரியுது. அதுக்காக ஓட்டிப் பாக்காதத பாத்தேன்னு எழுதட்டுமா?"

பேனாவை எடுத்து எழுதினாள்: 'ஒரு ஓட்டம் தவறியது. தவறு என் சமன்பாட்டில். திருத்திவிட்டேன், திருத்தியதை இன்னும் முழுதாகச் சோதிக்கவில்லை.' கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினாள். கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். கிளெம் இரண்டு தடவை படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

5

முடிவு ஒன்று: கிளெம் அந்தத் தாளுடனேயே கோளை அனுப்பிவிட்டார், அது மேலே...

முடிவு இரண்டு: ராக்கெட் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது, நாங்கள்...

இரண்டையும் அடித்துவிட்டேன். பத்தொன்பது மணி நேரம் கழித்து என்ன வந்தது என்றும் சொல்லப்போவதில்லை. எல்லாம் சரியாக வந்தது என்றால் அவளைப் பயந்தாங்கொள்ளி என்பீர்கள். இன்னொன்று தவறியது என்றால் தீர்க்கதரிசி என்பீர்கள். பேனாவை எடுத்தபோது அவள் இரண்டுமில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினாள்.

ராக்கெட்டை நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள், இறக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் அவள் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. எனக்கு அது போதும்.