பரவாயில்லை என்று எழுதினேன்

"ஏம்மா, நீ எழுதுவியாமே?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதுவதை எவரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து, தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு.

எங்கள் சலவைக்கூடத்துக்கு மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்புவோம். சித்தி உருளையருகே நின்று விரிப்பை உள்ளே விடுவாள். மறுபக்கம் வந்து விழுவதை நானும் கண்ணாடி அக்காவும் ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்போம். சித்திதான் என்னை இங்கே சேர்த்துவிட்டாள். அவள் வீட்டில்தான் இருக்கிறேன்.

அந்த வருடம் தலைமை அலுவலகம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு தாள். யார் வேலை எப்படி என்று அதில் சூப்பர்வைசர் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் சம்பள உயர்வு. அவருக்கு வாய் உண்டு, எழுத்து வராது. எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்பதால் அவருக்குச் சரிம்மா என்றே பேர். பாய்லர்காரரிடம்கூட ஒருமுறை அப்படிச் சொல்லிவிட, அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாள் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே கூடம் மாறிவிட்டது. முன்பெல்லாம் விரிப்பு தீய்ந்தால், "தீயுது, ஓடியாங்க!" என்று கத்துவோம். சரிம்மா வந்து உருளையின் சூட்டைக் குறைப்பார். இப்போது தீய்ந்ததைச் சுருட்டித் தள்ளுவண்டியின் அடியில் செருகினார்கள். யாரும் கத்தவில்லை. சூடும் குறையவில்லை. அடுத்த விரிப்பும் தீய்ந்தது.

சரிம்மா சொல்லச் சொல்ல, நான் பின்னால் நடந்து எழுதினேன். சித்தியின் உருளையிலிருந்து வந்த விரிப்பை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அட! பரவாயில்லையே உங்க சித்தி! எங்கயாவது ஒரு சுருக்கம் இருக்கா பாரு!"

"என்ன எழுதட்டும் சார்?"

"சொன்னேனே, அதையே எழுது."

'பரவாயில்லை' என்று எழுதினேன்.

எங்கள் வீடு ஒரே அறை. முன்னால் கதவு, மற்ற மூன்று பக்கமும் சுவர். விளக்கை அணைத்தால் பகலும் இரவுதான். மாடியில் ஜன்னல் வைத்த அறை காலியாகியிருந்தது. அடுத்த மாதம் வந்துவிடுகிறோம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சித்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். உயர்வு வந்தால்தான் அந்த வாடகை கட்டுப்படியாகும்.

"எனக்கு என்னடி சொன்னாரு?" என்று அன்று இரவு சித்தி கேட்டாள்.

"பரவாயில்லைன்னு சொன்னாரு சித்தி."

"அவரு வாயாலயா?" சித்திக்கு முகமெல்லாம் பல். சித்தப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு தடவை சொல்லியிருப்பீங்களா?"

"நான் சொன்னா ஜன்னல் வருமா?" என்றார் சித்தப்பா.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சித்தி மூன்றாம் தரம். உயர்வு இல்லை. சித்தி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போய்க் கேளு. நீதானே எழுதின" என்றாள்.

மாடி அலுவலகத்துக்கு நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. கிளார்க் தாளை எடுத்துக் காட்டினார்.

"நல்லதுன்னா முதல் தரம். மோசம்னா நாலு. பரவாயில்லைன்னா வேற எங்கம்மா போடுறது?"

"பாராட்டித்தான் சார் சொன்னாரு."

"தாள்ல குரல் கேக்காதும்மா."

சரிம்மாவைக் கூப்பிட்டார்கள். "நல்லா செய்றாங்கன்னுதான்யா சொன்னேன்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

"சரி, மாத்தலாம்" என்றார் கிளார்க். "ஆனா உங்க கூடத்துல எட்டுப் பேருக்கு மூணு உயர்வுதான். தாள் வர்றதுக்கு முன்னாடியே அது முடிவாயிடுச்சு. உங்க சித்தி ஏறணும்னா ஒருத்தர் இறங்கணும். யாருன்னு சொல்லு. அவங்களுக்குப் புதுசா ஒரு தாள் எழுதிக் குடு."

வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் சரிம்மாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரிம்மா, நீயே சொல்லிடு" என்றார்.

உயர்வு கிடைத்தவர்கள் பாய்லர்காரர், வண்டி ஓட்டுகிறவர், கண்ணாடி அக்கா. மூவரின் தாளிலும் நான் எழுதியது பொய் இல்லை. சித்தியின் தாளில் எழுதியதும் பொய் இல்லை. யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கவா இந்தத் தாள்? ஐந்து பேருக்குக் கொடுக்காமல் விட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை என் கையெழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். கிளார்க் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அந்த அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. அதை ஆணி வைத்து அடைத்திருந்தார்கள்.

பேனாவை வாங்காமல் இறங்கிவிட்டேன்.

வேலை முடியும் நேரம். படிக்கு அடியில் சித்தி பையோடு காத்திருந்தாள்.

"மாத்திட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன்.

"யாரைச் சொன்ன?"

"யாரையும் சொல்லலை."

சித்தி குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடியைச் சொல்லியிருக்கலாமேடி. அவ வீட்ல ரெண்டு ஜன்னல் இருக்கு."

"அவங்க நல்லா வேலை செய்றாங்க சித்தி."

"அப்ப நான்?"

நீதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்கிறாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்திருந்தேன்.

தினமும் நாங்கள் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவோம். சித்தி என் சாப்பாட்டு டப்பாவைத் தன் பையிலிருந்து எடுத்துப் படியில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளிவாசலைத் தாண்டிப் போனாள்.