கத்துவதற்கென்றே வைத்த தகடு

வண்டி கத்துகிறது என்று நான் சொன்னேன். இல்லவே இல்லை என்றார் உபைத். நோன்புக்கு முன்னால் ஆரம்பித்த பேச்சு, ஹஜ் பெருநாள் வந்து போயும் முடியவில்லை.

அவர் இல்லை என்றால் யார் மறுக்க முடியும்? என் வீட்டுக்காரர் காதால் பிழைக்கிறவர். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்கிறார். வசனம், பாட்டு, மழை, செருப்புச் சத்தம் என்று எல்லாவற்றையும் எது தூக்கலாக, எது அடங்கி என்று பார்த்துச் சேர்ப்பது அவர் வேலை. ராயப்பேட்டை வீடு, மகள் ஷாகிராவின் அடையாறு பள்ளிக்கூடம், இந்தக் கார், எல்லாமே அந்த இரண்டு காது போட்ட சோறு. அந்தக் காதுக்குக் கேட்காத சத்தம் எனக்குக் கேட்கிறதென்றால் கோளாறு என்னிடம்தானே?

"உனக்குப் பிரமை புஷ்ரா. என் காதுக்குத் தெரியாததா?" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரமையாவது மண்ணாங்கட்டியாவது! வண்டி உருள ஆரம்பித்ததும் இடது முன்பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச் வரும். தட்டில் முள்கரண்டியை இழுத்தால் பல் கூசுமே, அந்த ரகம். பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும். கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணிமாலையைக் கழற்றினேன். டிக்கியில் கிடந்த டிபன் கேரியர், குடை, ஷாகிராவின் ஸ்கேட்டிங் சக்கரம் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். மாடி வீட்டு ஸ்வர்ணலதா அக்கா, "எலி பூந்திருக்கும், புகையிலைய வெச்சுப் பாரு" என்றார். வைத்தேன். வண்டி முழுக்க நாறியதே தவிர, கீச் அப்படியே இருந்தது.

ஷாகிராவுக்கும் கேட்டது. "அத்தா, கீச்சுனு வருதே" என்றாள் பின் சீட்டிலிருந்து. அவர் திரும்பக்கூட இல்லை. நான் அவள் சொன்னதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னதும், "நீதான் புள்ளைக்கு சொல்லிக் குடுக்கற" என்று எரிந்து விழுந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. தினமும் என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

வண்டியில் அவர் நடந்துகொள்கிற விதமே வேறாக இருந்தது. நான் எதைக் கேட்டாலும் ரோட்டைப் பார்த்தபடி "ம்" என்பார். பாதி நேரம் அதுவும் கிடையாது. என்ன திமிர் என்று நினைப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் தங்கமான மனுஷன். சாப்பிடும்போது நான் பேசினால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நிக்காஹ் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பைத்தியக்காரி.

நேற்று சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் சிக்னலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர் கண்ணாடியைத் தட்டினார். உபைத் கண்ணாடியை இறக்கினார்.

"சார், முன் வீலு என்னமா கத்துது! ரோடே திரும்பிப் பாக்குது. யார்கிட்டயாவது காட்டுங்க சார்."

நான் வெற்றியோடு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. நேராக வண்டியைக் கே.கே. நகருக்கு விட்டார். அங்கேதான் எங்கள் மெக்கானிக் ஆனந்தகுமாரின் கடை.

ஆனந்தகுமார் வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினார். "பிரேக் பேட் சுத்தமா தேஞ்சி பூட்ச்சி சார். எப்டி ஓட்டிக்கினு இருந்தீங்க?" என்று ஒரு சின்ன இரும்புத் தகட்டைக் காட்டினார். "பேட் தேஞ்சா இது டிஸ்க்குல ஒரசும். கத்தறதுக்குன்னே வெச்சது. சில பேரு தொல்ல தாங்காம இத்த வளச்சி வுட்டுடுவானுங்க. சத்தம் நின்னுடும். அப்பால ஒரு நாளு பிரேக்கே புடிக்காது."

"நான் சொன்னேனா இல்லையா?" என்றேன். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த சண்டையை அங்கேயே இறக்கிவிடத் தயாராக இருந்தேன். உபைத் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. சரி, முதலில் வேலை முடியட்டும் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஏங்க, காசப் பத்திப் பேசிட்டீங்களா?"

அவர் விருட்டென்று திரும்பினார்.

"காதப் பத்தி இன்னா பேசணும்? உனக்கு யாரு சொன்னா? அந்த டாக்டரா?"

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனந்தகுமார் ஸ்பானரைத் தேடுவதுபோல் கடைக்குள் போய்விட்டார்.

"நான் காசுன்னேன்," என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் பார்க்கிற அதே பார்வை. யா அல்லாஹ்! அது ஆசை இல்லை. என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். வண்டியில் ரோட்டைப் பார்க்க வேண்டும், உதட்டைப் பார்க்க முடியாது. அதனால்தான் அங்கே பதில் இல்லை. நான் திமிர் என்று திட்டித் தீர்த்தேனே.

புது பேட் மாட்டிக் கிளம்பும்போது மழை பிடித்து இருட்டியிருந்தது. கீச் போய்விட்டது. வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியது எனக்குத் தாங்கவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். நோன்புக்கு முன்னாலேயே தி. நகரில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறார். கீச்சென்று வருகிற மெல்லிசான சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது, இனி ஹெட்போன் மாட்டினால் மிச்சமும் போகும் என்றாராம் டாக்டர்.

"நாளைக்கு ஃபைனல் மிக்ஸ் ஆரம்பிக்குது. பெரிய படம். மொத மொத டைட்டில்ல என் பேரு மட்டும் தனியா வரப்போவுது," என்றார். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல கோடு ஏறி எறங்கறதப் பாத்துதான் பண்றேன். கண்ணால மிக்ஸ் பண்றேன் புஷ்ரா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தார்.

"நீ வந்து பக்கத்துல உக்காரு. பொண்டாட்டி பாக்க வந்திருக்கான்னு சொல்லிக்கறேன். கீச்சுனு எதனா வந்தா என் கையத் தட்டு, போதும். உனக்குதான் எல்லாம் கேக்குதே. இந்த ஒரு படம் மட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

இத்தனை மாதமாக என் காதை நம்பாத மனுஷன் இப்போது நம்புகிறார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் "ஓரமா நிறுத்துங்க" என்றேன். அவர் பாட்டுக்கு ஓட்டினார். தோளைத் தொட்டதும்தான் நிறுத்தினார்.

உள்விளக்கைப் போட்டேன். என் முகத்தை அவர் பக்கம் திருப்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"என்னையும் வளச்சி விடப் பாக்குறீங்களா? மாட்டேன். நாளைக்கு நாம ஸ்டூடியோவுக்குப் போகல. டாக்டர்கிட்ட போறோம். நான் கத்துவேன், நீங்க நிறுத்துற வரைக்கும் கத்துவேன்."

அவர் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. ஒரு சொல்லையும் விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"இன்னா சொன்ன? கேக்கல," என்றார்.

முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டி விளக்கை அணைத்தார்.