வெளிப்பக்கம் திறக்கும் கதவு

பழைய கீலின் கடைசி ஸ்க்ரூ வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்றதெல்லாம் ஒழுங்காகக் கழன்று வந்துவிட்டது. இது மட்டும் துருப்பிடித்து, தலை தேய்ந்து மொழுக்கென்று ஆகி, திருப்புளியை வைத்தால் வழுக்கிக்கொண்டே போனது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சுத்தியால் நாலு போட்டேன். "வாயேண்டா சனியனே" என்று திட்டியும் பார்த்தேன். மணி எட்டரை. பன்னிரண்டுக்கெல்லாம் அத்தையைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாக என் வீட்டுக்காரர் வரதன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்ததும் அத்தைக்கு முதலில் வேண்டியது இந்தப் பாத்ரூம்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆசாரி வரவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று தடவை ஃபோன் செய்தேன். புள்ளலூரில் ஒரு புது வீட்டுக்கு நிலை வைக்கிறாராம், நல்ல நேரம் தவறிவிடுமாம். "ஒரு பாத்ரூம் கதவுக்கு இன்னாம்மா இப்டிப் பறக்கிற, வெள்ளிக்கெயம வர்றேன்" என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் அத்தையை நான் எங்கே உட்கார வைப்பது? கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி நானே மாற்றிக்கொள்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்ஃபோன் கம்பெனியில் லைனில் நின்றவள் நான். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துக்கு மேல் ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறேன். அது எறும்புக் கண் அளவு, இது சுண்டுவிரல் நீளம். அவ்வளவுதானே.

இருபத்திரண்டு நாளைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அத்தை, அதாவது வரதனின் அம்மா சொக்கம்மாள், குளிக்கப் போயிருந்தார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் பக்கெட் உருளுகிற சத்தம். ஓடிப்போய் "அத்தே, அத்தே" என்று கத்தினேன். "வியுந்துட்டேன்மே" என்று முனகல் மட்டும் வந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலால் உதைத்ததில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. ஆனால் நாலு விரல் அளவு திறந்த கதவு அதற்கு மேல் போகவில்லை. பக்கெட்தான் முட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, தோளைக் கொடுத்து மூன்று தடவை தள்ளினேன். கதவுக்குப் பின்னால் அத்தையே கிடந்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை தள்ளியபோது அவர்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது தெருவில் போய் அலறியதுதான். எதிர்வீட்டு மணவாளன் ஓடிவந்தார். கீல் உள்பக்கம் இருந்ததால் கதவைக் கழற்றவும் வழியில்லை. சுவரில் ஏறி, மேலே போட்டிருந்த சிமெண்ட் ஷீட்டை நகர்த்திவிட்டு உள்ளே குதித்து, அவர்தான் அத்தையைத் தூக்கினார். மார்வரை கட்டியிருந்த பாவாடை அவிழ்ந்து எங்கேயோ கிடந்தது. மணவாளன் தங்கமான மனுஷன். தோளில் இருந்த துண்டை எடுத்து அவர்கள் மேல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அந்த வலியிலும் அத்தை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்களே, அதைப் பார்த்தபோது எனக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். விழுந்ததில் முறிந்ததா, நான் தள்ளியதில் முறிந்ததா? டாக்டர் விசாரித்தபோது "வயிக்கிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் அத்தை முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏனாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிற என் நாத்தனார் இளமதிதான், யார் சொல்லிக் கேட்டாளோ, பேசினாள். "எங்க வூட்டுக்கே இட்டுக்கினு போறேன். அங்க யாரும் எங்கம்மாவ கதவால இடிக்க மாட்டாங்க" என்று என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். அத்தை எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல என் வூட்டுக்குப் போறேன். சரிப்பட்டா இருக்கறேன். இல்லாங்காட்டி வர்றேன்" என்றார்கள். சரிப்படாமல் போனால் ஊர் என்ன பேசும் என்பதுகூட எனக்குப் பெரிசில்லை. அவர்கள் போய்விட்டால் அந்தச் சத்தத்தோடு நான் இந்த வீட்டில் தனியாகக் கிடக்கவேண்டும்.

ஸ்க்ரூ கடைசியில் தலை உடைந்து வந்தது. கதவு கழன்று என் மேல் சாய்ந்தது. பலகைக் கதவு, உள்பக்கம் தகரம் அடித்தது, நல்ல கனம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாத்ரூம் கட்டியபோது, வெளியே திறக்கிற மாதிரி வைத்தால் இடம் மிச்சமாகும் என்று கொத்தனார் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அத்தைதான் விடவில்லை. கதவு வெளியே திறந்தால் வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாளாம். "கக்கூஸ்ல ஏது அத்தே லட்சுமி?" என்று சிரித்துவிட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தாழ்ப்பாளையும் அவர்களே உத்திரமேரூர் பஜாரில் பொறுக்கி எடுத்தார்கள். கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி. ஐம்பது வருஷம் விடியுமுன் ஏரிக்கரை வேலிக்காத்தான் புதருக்குப் போனவர்கள். எவனாவது டார்ச் அடித்தால் பாதியில் எழுந்து நிற்கவேண்டும். "இத்தப் போட்டுட்டா கலெக்டரே வந்தாலும் வெளிய நிக்கணும்" என்று அன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து எனக்குக் காட்டினார்கள்.

ஒன்பதரைக்கு வரதன் ஃபோன் செய்தார்.

"முடிஞ்சுதா? அந்தத் தாப்பாள கயட்டித் தூக்கிப் போட்டுடு. ஒரு ஸ்க்ரீன் துணி மாட்டிட்டா போதும்."

"துணியா? துணி மறைவுல ஒங்கம்மா ஒக்காருவாங்களா?"

"மறுபடி உள்ள வியுந்தா இன்னா பண்ணுவ? மறுபடி மணவாளனக் கூப்புடுவியா? பேஜார் பண்ணாம சொன்னதச் செய்யி."

அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் கோபம். பிய்ந்த தாழ்ப்பாளைக் கதவிலிருந்து கழற்றி ஜன்னலில் வைத்தேன்.

கதவைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. கேட்காமலேயே மணவாளன் இரண்டு செங்கல்லும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். செங்கல் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கதவை நிற்கவைத்து, நிலையின் வெளிப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பஜாரில் வாங்கி வைத்திருந்த புதுக் கீலை வைத்து, ஆணியால் அடையாளம் போட்டு, ஸ்க்ரூவைச் சோப்பில் தேய்த்துத் தேய்த்து முடுக்கினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்மா. அக்கா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு" என்றார் மெதுவாக. "நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல மாமா."

மேல் கீலை முடுக்கியதும், "இனிமே நிக்கும். அக்கா வர்றதுக்குள்ள நான் போயிடறேன்" என்று கிளம்பிவிட்டார்.

நடுக் கீலை எடுத்தேன். எண்ணெய்க் கை, நழுவிச் சிமெண்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் இரண்டு தகடும் தனித்தனியாகப் போக, நடுவில் இருந்த கம்பி உருண்டு துவைக்கிற கல்லடியில் போய் நின்றது. எனக்கு வயிற்றெரிச்சல். பழைய கீலில் கம்பியை இரண்டு முனையிலும் அடித்து மூடியிருக்கும். இதில் மேலே ஒரு குண்டுத் தலை, கீழே ஒன்றுமில்லை. பஜார்க்காரன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கம்பியைத் திரும்ப நுழைத்தேன். இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. சந்தேகத்துக்கு, கீழிருந்து ஒரு ஆணியைக் கொடுத்துத் தட்டினேன். எழும்பி வந்தது. நுழைத்தேன். தட்டினேன். மறுபடி வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கதவு இப்போது வெளியே திறக்கிறது, அதனால் கீலும் வெளிப்பக்கம், கம்பியும் வெளிப்பக்கம். உள்ளே எவ்வளவு பெரிய தாழ்ப்பாள் போட்டாலும், வெளியே நிற்கிறவள் மூன்று கம்பியையும் தட்டி எடுத்துவிட்டால் கதவு அப்படியே கையோடு வந்துவிடும். சுவர் ஏறவேண்டாம், ஷீட்டை நகர்த்தவேண்டாம். தெருவில் போய் யாரையும் கூப்பிடவேண்டாம். ஒரு ஆணி, ஒரு சுத்தி, நான், அவ்வளவு போதும். மிச்ச இரண்டு கீலையும் முடுக்கிவிட்டு, ஜன்னலில் இருந்த தாழ்ப்பாளை எடுத்துக் கழுவித் துடைத்து, கதவின் உள்பக்கம் மறுபடி வைத்து முடுக்கினேன். தாழ்ப்பாள் கம்பி போய் விழ நிலையில் புதுசாக ஒரு துளை போடுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. நான் நினைத்தால் திறக்கலாம் என்றால் அது என்ன தாழ்ப்பாள்? கலெக்டர் வெளியே நிற்கவேண்டும், மருமகள் மட்டும் வரலாமா? சொன்னால், "அப்ப இதுக்குத் தாப்பாள் எதுக்குடி" என்று ஏனாத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் திருடி. தள்ளியதைப் பற்றி இருபத்திரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், இனி இதுவும் சேர்ந்தால் அத்தை முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

செங்கல்லை எடுத்ததும் கதவு ஒரு மூலையில் இறங்கித் தரையை உரசியது. அத்தை இருக்கிற நிலைமையில் உரசுகிற கதவை இழுக்கவா முடியும்? கீழ்க் கீலைத் தளர்த்தி, கீலுக்கும் கதவுக்கும் நடுவில் அத்தையின் கால்சியம் மாத்திரை டப்பா அட்டையை மடித்துச் சொருகி முடுக்கினேன். ஒரு மடிப்புக்கு அசையவில்லை. இரண்டு மடிப்புக்கு அந்த மூலை நூலளவு எழும்பியது. ஒரு விரலால் இழுத்துப் பார்த்தேன், வந்தது. விட்டேன், நின்ற இடத்திலேயே நின்றது. குளிக்கக்கூட நேரமில்லை, தெருவில் கார் சத்தம் கேட்டது.

அத்தை பாதியாக ஆகியிருந்தார்கள். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, வீட்டுக்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நேரே கொல்லைப்பக்கம்தான் வந்தார்கள். "இருவத்திரெண்டு நாளா படுத்த எடத்துலயே தட்டுல" என்றார்கள், யாரிடமும் சொல்லாமல் பொதுவாக. வரதன் கதவின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கயட்டச் சொன்னனே. ஒனக்கு இன்னா பைத்தியமா?"

"அப்பறம் சொல்றேன். நீங்க போய்க் கார்காரர அனுப்புங்க."

அத்தை கதவைச் சாத்திப் பார்த்தார்கள். பிறகு பழக்கதோஷத்தில் அதைத் தள்ளினார்கள். அது அசையவில்லை.

"தள்ளக் கூடாது அத்தே, இழுக்கணும்" என்றேன். "இனிமே யாரு தள்ளுனாலும் அது உள்ள போவாது."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் முதல்முறையாக நேராகப் பார்த்தார்கள்.

"வெளியவா தொறக்குது? லட்சுமி போயிடுவாளேமே."

"போனா போறா. நீங்க இருங்க."

உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. கதவை இழுத்துத் திறந்து, உள்பக்கம் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டார்கள். அப்புறம் கதவின் ஓரமாகவே விரலைக் கொண்டுவந்து, நடுக் கீலில் நிறுத்தினார்கள்.

"இது இன்னா, மொட்டு மாரி?"

"கம்பி அத்தே" என்றேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்காலியில் உட்காரவைத்தேன். தாழ்ப்பாள் எட்டுகிற தூரம்தான். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சடக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது. ஒருமுறை எடுத்து, மறுபடி போட்டார்கள்.

ஆணியும் சுத்தியும் என் கையில் இருந்தன. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. உள்ளே மக்கால் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. வாக்கர் தரையில் கிறீச்சிட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. காத்திருந்தேன். முருங்கைமரத்தில் காக்காய் கத்தியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து இருபதில் குழம்பிப்போனேன். கூப்பிடலாம். கூப்பிட்டால் நான் வாசலிலேயே காவல் நிற்பது தெரிந்துவிடும். சுத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மேல் கீலுக்கு அடியில் ஆணியைக் கொடுத்து, சத்தம் வராமல், உள்ளங்கையாலேயே ஒரு தட்டுத் தட்டினேன். கம்பி பாதி எழும்பியது.

"ஏம்மே."

"அத்தே?"

"அந்தக் கம்பிய எறக்கி வுடு. கதவு ஆடுது."

ஆணியைக் கீலிலிருந்து எடுத்தேன். பிறகு அதே குரல், கதவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"நான் கூப்ட்டா எடு. வேற யாரும் வேணாம், நீயே வா."

சுத்தியைக் கீழே வைத்தேன். கட்டைவிரலைக் கம்பியின் தலையில் வைத்து அழுத்தினேன். கொப்புளத்தில் சுருக்கென்றது. அது மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தது. உள்ளே மறுபடி தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.